துகிலில் பூத்த தோட்டம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு துணியை விரிக்கிறோம். அதில் ஒரு பூ இருக்கிறது. அந்தப் பூ எந்தத் தோட்டத்தில் மலர்ந்தது? அதன் சிவப்பு எந்த வேரிலிருந்து வந்தது? அந்த நிறத்தைக் கழுவிய நீர் எங்கே சென்றது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடினால் தாவரவியலும் வேதியியலும் ஓவியமும் வணிக வரலாறும் ஓரிடத்தில் கூடுவதைக் காணலாம். சோழமண்டலக் கரையில் தொடங்கி, உதகைத் தோட்டத்தின் வழியாக, திருப்பூரின் நொய்யற்கரை வரை அவ்விடைகளைத் தேடிச் செல்கிறது இப்பாடம்.

பூவும் ஆடையும்

தமிழர் பூவைக் கூர்ந்து நோக்கியவர்கள். கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ எனப் பிறக்கும் இடத்தால் பூவை நால்வகைப்படுத்தினர். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஒரே பூவின் வெவ்வேறு பருவங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை நிரல்பட அடுக்கியிருக்கிறார். பெயரிட்டு அறிந்த ஒன்றைத்தான் மனிதன் நன்றாக வரைய முடியும்.

அந்தப் பூ ஆடையிலும் இடம்பெற்றது. பாம்பு உரித்த தோலைப் போன்று மென்மையானதும், இழை சென்ற வழியைக் கண்ணால் தொடர முடியாத நுண்மையுடையதும், பூ வேலைப்பாடு நிறைந்ததுமான ஓர் ஆடையைப் பொருநராற்றுப்படை பேசுகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் 36 வகைத் துகில்களின் பெயர்களைப் பட்டியலிடுகிறார். பூவைத் துணியில் நிலைநிறுத்தும் விருப்பம் நம்மிடம் நெடுங்காலமாக இருந்துவந்தது என்பதற்கு இவை சான்றுகள். அவ்விருப்பம் உலகம் வியந்த கைத்தொழிலாகக் கிழக்குக் கடற்கரையில் வளர்ந்தது.

சோழமண்டலத்துச் சீட்டி

இரண்டு தலைமுறைகளுக்கு முன்புவரை நம் வீடுகளில் 'சீட்டித் துணி' என்னும் சொல் மிகுதியாக வழங்கியது. பூப்போட்ட பருத்தித் துணியைச் சீட்டி என்றனர். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரையை நாடி வந்தமைக்கு இச்சீட்டி ஒரு முதன்மைக் காரணமாகும். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சென்னை, புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கையால் வரைந்தும் கட்டையால் அச்சிட்டும் உருவாக்கிய பூந்துணிகள் கப்பலேறின.

இத்துணிகளின் சிறப்பு யாது? அழகு ஒன்று, நிறம் நிலைத்தல் மற்றொன்று. அக்கால ஐரோப்பாவில் துணியின்மேல் தீட்டப்பட்ட வண்ணம் துவைத்தால் கரைந்தது. சோழமண்டலத் துணியின் சிவப்போ துவைக்கத் துவைக்கப் பொலிவு பெற்றது. விலைமிக்க பட்டையும் கம்பளியையும் விட்டு மக்கள் இதனை விரும்பி வாங்கினர். அங்கிருந்த நெசவாளர்கள் தங்கள் தொழில் நலிவதாக முறையிட்டனர். பிரான்சு அரசு 1686ஆம் ஆண்டு இத்துணிகளுக்குத் தடை விதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் அத்துணியை உடுத்துவதையும் தடை செய்தது. ஒரு கரையின் கைவினைக்கு அஞ்சி இரு பெரும் அரசுகள் சட்டம் இயற்றின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தடை ஒருபுறம் இருக்க, அந்நிறத்தின் நுட்பத்தை அறிந்துகொள்ளும் முயற்சியும் நடந்தது. 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரிக்கு வந்த பியூலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர், சாயமேற்றும் ஒவ்வொரு படிநிலையிலும் துணியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குறிப்புடன் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். கேர்டு என்னும் இயேசு சபைத் துறவி 1742இல் எழுதிய மடலில், இங்குள்ள வண்ணக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையை விரிவாகப் பதிவு செய்தார். நம் கைவினைஞர் ஏட்டில் எழுதாமல் கையில் வைத்திருந்த அறிவு இவ்வாறு ஐரோப்பிய அச்சுப்பட்டறைகளைச் சென்றடைந்தது.

தெரிந்து தெளிவோம்

• சோழமண்டலம் என்னும் பெயரே ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்தது.
• சீட்டி என்பது 'தெளித்த புள்ளி' எனப் பொருள்படும் வடஇந்தியச் சொல்லை அடியாகக் கொண்டது. ஆங்கிலத்தின் சின்ட்ஸ் என்னும் சொல்லும் அதன் வழியே பிறந்தது.
• காலிகோ என்னும் துணிப்பெயர் கோழிக்கோட்டின் ஆங்கில வழக்கான காலிகட் என்பதிலிருந்து வந்தது.
• கலம்காரி என்பது பாரசீகச் சொற்களின் சேர்க்கை. 'கலம்' எழுதுகோலையும் 'காரி' வேலையையும் குறிக்கும்.

வேரும் நிறமும்

ஒரு பூந்துகில் உருவாகும் முறையை அறிந்தால் அக்கைவினைஞரின் அறிவுத்திறம் விளங்கும். முதலில் பருத்தித் துணியின் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் நீங்க நன்கு வெளுப்பர். பிறகு கடுக்காய்த் தூளை எருமைப்பாலில் கலந்து, அதில் துணியை ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காயில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. பாலிலுள்ள கொழுப்பு, பின்னர் வரையப்படும் கரைசல் இழைவழியே கசிந்து பரவாமல் தடுக்கும்.

அடுத்தது வரைதல். தாளில் வரைந்த படத்தின் கோடுகள்மீது ஊசியால் துளையிட்டு, தாளைத் துணியின்மேல் வைத்து, கரித்தூள் கட்டிய சிறு பொட்டலத்தால் தட்டுவர். துளைவழியே இறங்கிய கரி, துணியில் புள்ளிக்கோடாகப் படியும். அப்புள்ளிகளைத் தொடர்ந்து மூங்கில் எழுதுகோலால் வரைவர். எழுதுகோலின் நுனிக்குச் சற்று மேலே சுற்றப்பட்ட துணியோ கம்பளி நூலோ கரைசலை உறிஞ்சி வைத்திருக்கும். விரலால் அதனை அழுத்தும் அளவுக்கேற்பக் கரைசல் நுனிக்கு இறங்கும். கோட்டின் தடிப்பும் மெலிவும் விரலின் அழுத்தத்தில் அமைந்தவை.

கறுப்புக் கோட்டுக்கு இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் புளிக்கவைத்த கரைசல் பயன்பட்டது. துணியில் முன்பே ஏறியுள்ள கடுக்காயின் டானினும் கரைசலின் இரும்பும் கூடியவுடன் கறுப்பு தோன்றும். சிவப்புக்கு வேறு வழி. சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். படிகாரத்துக்கு நிறமில்லை, தீட்டிய இடம் கண்ணுக்குத் தெரிவதற்காகப் பதங்க மரச்சாற்றைச் சிறிது கலந்துகொள்வர். பின்னர்ச் சாயவேர் இட்ட நீரில் துணியைக் காய்ச்சுவர். படிகாரம் ஏறிய இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். மற்ற இடங்களில் படிந்த மங்கல் நிறம், சாணநீரில் ஊறவைத்து வெயிலில் பரப்பி நீர் தெளித்து வெளுக்க மறைந்துவிடும்.

படிகாரம், இரும்பு முதலிய உப்புகள் இழைக்கும் நிறத்துக்கும் இடையே பாலமாக அமைகின்றன. இவற்றை இன்று நிறமூன்றிகள் என்கிறோம். ஒரே சாயவேர், படிகாரத்தோடு சேர்ந்தால் சிவப்பு. இரும்போடு சேர்ந்தால் ஊதா கலந்த கருமை. ஒரே கொப்பரையில் ஒரே துணியை அமிழ்த்தி இரு நிறங்களை எடுக்கும் இந்நுட்பத்தை, வேதியியல் என்னும் பெயரில் ஒரு துறை வளர்வதற்கு முன்பே நம் சாயக்காரர் கையாண்டனர்.

சாயவேர் கடற்கரை மணலில் வளரும் சிறு செடியின் வேர். சோழமண்டலக் கரையிலும் இராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் இதனைத் தோண்டி எடுத்தனர். கிளிஞ்சல் கலந்த மண்ணின் சுண்ணாம்புச் சத்து இதன் சிவப்புக்குத் துணைசெய்தது. வெயிலில் குனிந்து நின்று மெல்லிய வேர் அறுபடாமல் மணலைக் கிளறியவர்களின் பெயர்கள் எந்தத் துணியிலும் எழுதப்படவில்லை.

நீலத்துக்கு அவுரி. அவுரி நீலம் நீரில் கரையாது. நொதிக்கவைத்த தொட்டியில்தான் கரையும் நிலையை அடையும். அதனால் அதனைச் சிவப்பைப்போல் எளிதில் தீட்ட இயலாது. நீலம் வேண்டாத இடங்கள் முழுவதையும் மெழுகால் மூடிவிட்டுத் துணியைத் தொட்டியில் அமிழ்த்துவர். வெளியே எடுக்கும்போது பசுமை கலந்த மஞ்சளாகத் தோன்றும் துணி, காற்றுப் பட்டவுடன் மெல்ல நீலமாக மாறும். பிறகு வெந்நீரில் மெழுகை நீக்குவர். இறுதியாக மஞ்சள் தரும் தாவரச் சாற்றைத் தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் ஏறிய இடம் பச்சையாகும்.

அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டித் துணிகள் பலவற்றில் இலைகள் நீல நிறமாக இருப்பதற்கு இதுவே காரணம். காலப்போக்கில் மஞ்சள் மங்கிவிட்டது, நீலம் நின்றுவிட்டது. அந்த நீல இலைகள் வரையப்பட்ட நாளில் பசுமையாக இருந்தவை.

இம்மரபு இன்றும் முற்றாக அறுந்துவிடவில்லை. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் வட்டாரத்தில் கோயில்களுக்கான தேர்ச்சீலைகளும் தொம்பைகளும் விதானத் துணிகளும் கலம்காரி முறையில் வரையப்படுகின்றன. கருப்பூர்க் கலம்காரி ஓவியங்கள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன.

தோட்டம் துணியான கதை

துணியில் உள்ள பூ எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு வருவோம். ஏற்றுமதிச் சீட்டிகளில் வளைந்த ஒற்றை மரம் ஒன்றில் பலவகைப் பூக்கள் ஒருங்கே மலர்ந்திருப்பதைக் காணலாம். வணிகர்கள் ஐரோப்பாவிலிருந்து படிவத் தாள்களை அனுப்பி, அவற்றைப் போல வரையச் சொல்வதும் உண்டு. தாம் கண்டறியாத பூவை நம் வண்ணக்காரர் தமக்குத் தெரிந்த பூவின் இலக்கணத்தால் வரைந்தனர். எனவே அந்த மரம் எந்த நாட்டுத் தாவரவியல் நூலிலும் இல்லாத மரமாயிற்று. பல நாட்டுத் தோட்டங்கள் ஒரு துணியில் கலந்து நின்றன.

செடியைச் செடியாகவே நோக்கி வரையும் முயற்சியும் இதே கரையில் நடந்தது. வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1776இல் சென்னைக்கு வந்தார். 1781 முதல் காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள சாமல்கோட்டில் ஒரு தோட்டம் அமைத்துப் பயிர்களை ஆராய்ந்தார். வெட்பாலை இலையிலிருந்தும் நீலம் எடுக்கலாம் என்று அவர் ஆய்ந்து எழுதினார். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் 1795 முதல் மூன்று தொகுதிகளாக 300 வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. சாயவேர்ச் செடியும் அதில் இடம்பெற்றது. அப்படங்களை வரைந்தோர் இந்திய ஓவியர்கள். நூலின் முகப்பில் ராக்ஸ்பர்க்கின் பெயர் இருக்கிறது. ஓவியர்களின் பெயர்கள் இல்லை.

பழைய தோட்டம் ஒன்று கைஅச்சுத் துணியாக மாறியதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் உண்டு. வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர், வடிவமைப்பாளராகவும் விளங்கியவர். 1871 முதல் அவர் வாடகைக்குக் கொண்டிருந்த கெல்ம்ஸ்காட் என்னும் பழைய மாளிகையின் தோட்டத்தில் சிறு பறவைகள் வலைக்குள் புகுந்து செம்புற்றுப் பழங்களைத் திருடித் தின்னும். அக்காட்சியை அவர் 1883இல் துணி வடிவமாக்கினார். அப்போது இங்கிலாந்து முழுவதும் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த செயற்கைச் சாயங்கள் பரவியிருந்தன. மாரிஸ் அவற்றை விரும்பவில்லை. தாமஸ் வார்டில் என்னும் சாயத்தொழில் வல்லுநரின் பட்டறையில் கைகள் நீலமாகும்படி உழைத்து அவுரிச் சாயத்தைக் கற்றார். இந்தியத் துணிகளையும் பயின்றார். சோழமண்டலக் கரையிலிருந்து மேற்கே சென்ற அறிவு அங்கே மறந்துபோகும் நிலையில் ஒருவர் அதனை மீட்டெடுக்க முயன்றார் எனலாம்.

உதகையிலிருந்து அச்சுக்கட்டைக்கு

திருப்பூர் மாணவர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள பழைய தோட்டம் உதகை அரசு தாவரவியல் பூங்கா. தொட்டபெட்டா மலைச்சரிவில் ஏறத்தாழ 22 எக்டேர் பரப்பில் அமைந்துள்ள அது, 1848இல் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மக்கைவர் என்பவரால் வடிவமைக்கப்படத் தொடங்கியது. ஆங்கிலேயர் தம் நாட்டு நினைவோடும் பயன்கருதியும் அயல்நாட்டு மரங்களை இங்கே கொணர்ந்து நட்டனர். அதே சரிவின் மேற்புறத்தில் தொதவர்களின் மந்து ஒன்று உள்ளது. வெண்ணிறத் துணியில் கறுப்பும் சிவப்புமாகத் தொதவப் பெண்கள் இழைக்கும் பூத்தையலும் இம்மலையின் செடிகொடிகளைப் பேசுவதே. எனவே அத்தோட்டத்தைப் பார்க்கச் செல்பவர் இரண்டு மரபுகளையும் ஒருங்கே காணலாம்.

அத்தகைய தோட்டம் ஒன்றிலிருந்து துணி வடிவம் உருவாக்குவதற்குப் படிமுறை உண்டு.

முதற்படி நோக்குதல். பூவைப் பறிக்காமல், செடியில் இருக்கும் நிலையிலேயே வரைய வேண்டும். இலைகள் எதிரெதிராக அமைந்துள்ளனவா, மாறிமாறி அமைந்துள்ளனவா? பூ கிளையின் நுனியில் உள்ளதா, இலைக்கக்கத்தில் உள்ளதா? காட்டுப்பூவரசின் சிவந்த பூக்கள் கொத்தாக நிற்கும்; அவற்றைச் சுற்றி இலைகள் வட்டமாக அடர்ந்திருக்கும். இந்த அமைப்பைத் தவறவிட்டுப் பூவை மட்டும் வரைந்தால் அது எந்தப் பூவாகவும் இருக்கலாம்.

இரண்டாம்படி தெரிந்தெடுத்தல். காண்பது அனைத்தையும் அச்சுக்கட்டை தாங்காது. தேவையற்ற நரம்புகளையும் நிழல்களையும் நீக்கி, செடியை அடையாளம் காட்டும் கோடுகளை மட்டும் நிறுத்த வேண்டும். அரும்பும் மலரும் வீயும் ஒரே காம்பில் அமைந்தால் அவ்வடிவம் காலத்தையும் காட்டும். பூவின் பருவங்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் இங்கே வடிவமைப்பாளருக்குப் பாடமாகின்றன.

மூன்றாம்படி அடுக்குதல். ஒரு கட்டையின் வலப்பக்கத்தில் முடியும் கொடி, அடுத்து வைக்கும் கட்டையின் இடப்பக்கத்தில் தொடர வேண்டும். மேலும் கீழும் அவ்வாறே பொருந்த வேண்டும். இதனைத் தாளில் சோதிக்க எளிய வழி உண்டு. வரைந்த தாளை நடுவில் வெட்டி இரு பாதிகளையும் இடம்மாற்றி ஒட்டினால், விளிம்புகள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே தோன்றும் இடைவெளியை நிரப்பினால் வடிவம் முடிவின்றித் தொடரும்.

நான்காம்படி செதுக்குதல். தேக்கு போன்ற உறுதியான மரத்தில் கோட்டுக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை எனத் தனித்தனியே செதுக்குவர். கட்டையின் மூலையில் உள்ள சிறு புள்ளிகள், அடுத்த கட்டை எங்கே அமர வேண்டும் என்பதைக் காட்டும். அழுத்தும்போது காற்று சிக்காமலிருக்கக் கட்டையில் துளைகள் இடுவர்.

ஐந்தாம்படி அச்சிடுதல். சாக்கும் துணியும் பல மடிப்பாக விரித்த மேசையில் துணியை இறுக்கி ஊசி குத்துவர். படிகாரக் கரைசலைப் புளியங்கொட்டைத் தூள் போன்ற பசைப்பொருளால் கெட்டியாக்கிக் கட்டையில் தொட்டு ஒற்றுவர். திருப்பூரின் பின்னல் துணிக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும். நெய்த துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். பின்னல் துணியோ கண்ணிகளால் ஆனது, எப்பக்கமும் இழுபடும். இழுத்த நிலையில் அச்சிட்ட வட்டப்பூ, துணியைத் தளரவிட்டதும் நீள்வட்டமாகிவிடும். ஆகவே துணியை அதன் இயல்பான தளர்வில் பரப்பியே அச்சிட வேண்டும்.

எந்திரத்தில் அச்சான ஆயிரம் பூக்களும் ஒன்றுபோல் இருக்கும். கைஅச்சில் ஒரு பூ சற்று அழுத்தமாகவும் அடுத்தது சற்று மங்கலாகவும் அமையும். தோட்டத்துச் செடியிலும் இரு பூக்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

நொய்யல் கேட்கும் வினா

நிறத்தைக் கழுவிய நீர் எங்கே சென்றது என்னும் வினாவே எஞ்சியுள்ளது. அதற்கு விடை திருப்பூரில் இருக்கிறது.

1856இல் பெர்கின் என்னும் இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். சிவப்பு தரும் அலிசரின் 1868இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவர்களும் அவுரி பயிரிட்டவர்களும் தொழிலிழந்தனர். நிறம் மலிந்தது, எளியவரும் வண்ண ஆடை உடுத்தும் நிலை வந்தது. இந்நன்மையை நாம் மறுக்க வேண்டியதில்லை.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலின் கரையில் பின்னலாடைத் தொழில் பெருகியது. ஊர்தோறும் குடும்பங்கள் அத்தொழிலால் தலைநிமிர்ந்தன. பருத்தித் துணிக்கு இன்று மிகுதியாகப் பயன்படும் வினைபுரி சாயங்கள் இழையில் ஏறுவதற்குப் பெருமளவு உப்பு தேவை. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். ஆண்டுக்கணக்கில் அந்நீர் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. கிணற்று நீர் கரித்தது. வயல்களில் உப்புப் பூத்தது. நீரைத் தேக்கத் தந்த நிலத்தில் நீரைப் பயன்படுத்த முடியாமல் உழவர்கள் நின்றனர்.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். நீண்ட வழக்குக்குப் பின், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். உழவரின் கண்ணீரும் தொழிலாளரின் கண்ணீரும் எதிரெதிராக நின்ற காலம் அது. அதன்பின் கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை திருப்பூரில் வேரூன்றியது. சவ்வுகளின் வழியே நீரைப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பையும் மீட்டெடுக்கின்றனர். இது செலவு மிக்க முறை. நிறத்தின் உண்மையான விலையில் நீரின் விலையும் அடங்கும் என்பதைத் திருப்பூர் அரும்பாடுபட்டுக் கற்றது.

தாவரச் சாயம் தீர்வாகுமா?

அப்படியானால் எல்லாத் துணிக்கும் தாவரச் சாயத்தையே பயன்படுத்தலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இதனைப் பொறுமையாக ஆராய வேண்டும். துணியின் எடைக்குச் சமமாகவோ அதைவிட மிகுதியாகவோ தாவரப் பொருள் தேவைப்படுவதுண்டு. உலகின் ஆடைகள் அனைத்துக்கும் சாயப்பயிர் வளர்ப்பதென்றால் உணவு விளையும் நிலம் குறையும். சாயவேரை எடுக்கச் செடியையே பிடுங்க வேண்டும். அளவின்றிப் பிடுங்கினால் கடற்கரையில் அச்செடி அழியும். நிறமூன்றியாகச் செம்பு, குரோமியம் ஆகியவற்றின் உப்புகளைப் பயன்படுத்தினால் தாவரச் சாயத்தின் கழிவும் நஞ்சாகும். இயற்கை என்னும் பெயர் ஒன்றே ஒரு பொருளைத் தூயதாக்கிவிடாது.

ஆயினும் தாவரச் சாயத்துக்கு உரிய இடம் ஒன்று உண்டு. திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. அவரை இனத்தைச் சேர்ந்த அச்செடி மண்ணுக்கு வளம் சேர்க்கும். சாயம் எடுத்தபின் எஞ்சும் தழை எருவாகும். கோயில்களிலும் விழாக்களிலும் பயன்படுத்தி எறியப்படும் செண்டுமல்லி, சமையலறையில் ஒதுக்கப்படும் வெங்காயச் சருகு, மாதுளைத் தோல் ஆகியவை மஞ்சளும் பழுப்பும் தருகின்றன. படிகாரம் ஒன்றையே அளவோடு பயன்படுத்தி இவற்றால் சாயமேற்றலாம். சிறு பட்டறையிலும் பள்ளியிலும் வீட்டிலும் இது இயலும். இப்படி உருவாகும் ஆடை மலிவாக இராது, மிகுதியாகவும் இராது. ஆனால், அதை வாங்குபவர் பல ஆண்டுகள் போற்றி உடுத்துவர். குறைவாக வாங்கி நெடுநாள் உடுத்துதல் எந்தச் சுத்திகரிப்பு ஆலையும் செய்ய முடியாத உதவியை ஆற்றுக்குச் செய்யும்.

பெருந்தொழில் தன் நீரைத் தானே தூய்மை செய்துகொள்ள வேண்டும். சிறு கைத்தொழில் தன் மரபறிவைக் காக்க வேண்டும். உடுத்துவோர் தம் தேவையை அளந்துகொள்ள வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தே தீர்வு.

பூவை வரையும் கை அப்பூவைக் கூர்ந்து நோக்கிய கண்ணுக்குக் கடன்பட்டது. பூவோ தன்னை வளர்த்த மண்ணுக்கும் நீருக்கும் கடன்பட்டது. சோழமண்டலக் கரையின் வண்ணக்காரர் ஆற்றுநீரிலும் வெயிலிலும் துணியை வெளுத்தபோது அந்நீரை நம்பியே தம் தொழிலை நடத்தினர். நாளை பின்னலாடைத் தொழிலில் வடிவமைப்பாளராகவோ வேதியியலாளராகவோ வணிகராகவோ பணியேற்கவிருப்போர் உங்களுள் பலர். நீங்கள் துணியில் பதிக்கும் பூ, நொய்யற்கரையிலும் மலரட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்திலோ ஊரிலோ உள்ள பழைமையான தோட்டம், நந்தவனம் ஆகியவற்றுள் ஒன்றுக்குச் சென்று, ஒரு செடியின் அரும்பு முதல் செம்மல் வரையிலான பருவங்களை வரைந்து பெயரிடுக.
2. வெங்காயச் சருகு, மாதுளைத் தோல், செண்டுமல்லி ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் படிகாரம் இட்டும் இடாமலும் இரு வெள்ளைத் துணித்துண்டுகளுக்குச் சாயமேற்றுக. இரண்டையும் மும்முறை துவைத்து வேறுபாட்டைப் பதிவு செய்க.
3. உங்கள் பகுதியில் நெசவு, சாயம், அச்சு, தையல் ஆகிய தொழில்களில் வழங்கும் சொற்களைத் தொழிலாளர்களிடம் கேட்டுத் தொகுத்து, சிறு அகராதி ஒன்றை உருவாக்குக.
4. 'ஆறும் வேண்டும், வேலையும் வேண்டும்' என்னும் தலைப்பில் உழவர், சாயப்பட்டறைத் தொழிலாளர், உரிமையாளர் ஆகியோர் பேசுவதாகக் கலந்துரையாடல் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கடுக்காய்ச் சாறு ஏறிய துணியில் கறுப்பு நிறம் தோன்றக் காரணமாவது
அ) படிகாரம் ஆ) இரும்பு இ) சுண்ணாம்பு ஈ) மெழுகு

2. பழைய சீட்டித் துணிகளில் இலைகள் நீலமாகக் காணப்படுவது
அ) வண்ணக்காரர் விரும்பியதால் ஆ) அவுரி மங்கியதால் இ) மஞ்சள் மங்கியதால் ஈ) மெழுகு நீங்காததால்

3. சரியான வரிசையைத் தேர்க.
அ) மொட்டு, அரும்பு, அலர், வீ ஆ) அரும்பு, மலர், முகை, செம்மல் இ) முகை, அலர், மலர், வீ ஈ) அரும்பு, முகை, அலர், செம்மல்

குறுவினா

1. நிறமூன்றி என்றால் என்ன? எடுத்துக்காட்டுத் தருக.
2. பின்னல் துணியில் அச்சிடும்போது கூடுதல் கவனம் தேவைப்படுவது ஏன்?
3. சீட்டி, கலம்காரி ஆகிய சொற்களின் பொருளை விளக்குக.

சிறுவினா

1. ஐரோப்பிய அரசுகள் சோழமண்டலத் துணிகளுக்குத் தடை விதித்த சூழலை விளக்குக.
2. அவுரியால் நீலச் சாயமேற்றும் முறை சிவப்பு ஏற்றும் முறையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. இயற்கை என்னும் பெயர் ஒன்றே ஒரு பொருளைத் தூயதாக்கிவிடாது – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

நெடுவினா

1. ஒரு தோட்டத்துச் செடி துணியில் அச்சாகும் வரையிலான படிநிலைகளைத் தொகுத்து எழுதுக.
2. நொய்யல் ஆற்றின் வரலாறு ஆடைத் தொழிலுக்கு உணர்த்தும் பாடங்களை உம் கருத்துகளுடன் கட்டுரையாக்குக.